ஜெயவேலுவின் இடது கால்

முடிச்சூரில் வந்து ஜெயவேலு வீடு எது என்று கேட்டால், எந்த ஜெயவேலு என்பார்கள். ரிவர்ஸ் ஜெயவேலு என்று சொல்லிப் பாருங்கள், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஜீப்புக்கு வரலாம்.

அவனுக்குச் சொந்த ஊரே முடிச்சூர்தான். அப்பா காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலம், அவன் காலத்தில் பிளாட் ஆனது. நிலம் போனதும் அவன் சும்மா உட்காரவில்லை. உழுத டிராக்டரிலேயே டிரெய்லரை மாட்டினான். அதே நிலத்தில் வீடு கட்ட வந்தவர்களுக்கு மணல், ஜல்லி, செங்கல் என்று லோடு அடித்தான். இப்போது மெயின் ரோட்டில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறான்.

டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸ் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். நான் முப்பது வருடமாக மெக்கானிக், எனக்கே அது ஒழுங்காக வராது. ஜெயவேலு ஒருமுறை முட்டுச்சந்து ஒன்றில் முழு லோடு செங்கல்லோடு நூறு அடி ரிவர்ஸிலேயே போய் நின்றான். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். ஒரு கையில் டீ கிளாஸ். ஒரு சொட்டு டீ சிந்தவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அங்கேதான் இருந்தேன். சிந்தியது. இருந்தாலும் பெரிய விஷயம்தான்.

அன்றிலிருந்து ரிவர்ஸ் ஜெயவேலு. அவன் மகள் தமிழினி கல்யாணப் பத்திரிகையில்கூட அந்தப் பெயரைப் போடப் பார்த்தான். பிரஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது ஜெயவேலு ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தான், வாங்கி எட்டு மாதம். தண்ணீர் வந்த வேகத்தில் அது மிதந்து கிளம்பியது. நாலு வீடு தள்ளிப் போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. ஜெயவேலுவும் அவன் மனைவி சாமுண்டீஸ்வரியும் மொட்டை மாடியில் நின்று அதைப் பார்த்தார்கள். "பின்னாலயே போதுங்க, உங்கள மாதிரியே" என்றாளாம் அவள். அதற்கு அவன் இரண்டு நாள் பேசவில்லை. பேசாமல் இருக்க வேறு இடமும் இல்லை. இரண்டு பேரும் அதே மாடியில்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே பேச்சு. உயரமான ஜீப் வாங்க வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். பத்து வருடம் இதையே சொன்னான். இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒருவழியாக ஜி.எஸ்.டி. ரோட்டு ஷோரூமில் புக் செய்துவிட்டான். மாடல் சொன்னான், கலர் சொன்னான். கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டான். ஷோரூமில் விற்பனை பார்க்கிற பிரசன்னா நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கின வண்டி அடுத்தவருக்குப் போகும், மழைக்காலம் முடிகிற வரைக்கும் வேறு வண்டி கிடையாது.

ஊருக்கெல்லாம் ஜெயவேலு சொன்ன பதில் ஒன்றுதான். "ஆட்டோமேட்டிக்கா? அது வண்டியா, லிஃப்ட்டு. அதுவே ஏறி அதுவே எறங்குச்சுன்னா நடுவுல நான் எதுக்கு?"

விஷயம் அதுவல்ல. அவன் இடது முட்டி போய்விட்டது. இருபத்தைந்து வருடம் டிராக்டர் கிளட்ச்சை மிதித்த முட்டி. தாம்பரத்தில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கிளட்ச் உள்ள எதையும் மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அந்தப் படத்தை என் ஒர்க் ஷாப்பில்தான் ஒளித்து வைத்திருந்தான். கியர் வண்டி வாங்கினால் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் முட்டி பூசணிக்காய் ஆகிவிடும். ஆட்டோமேட்டிக் வாங்கினாலோ ரிவர்ஸ் ஜெயவேலுவுக்குக் கால் போய்விட்டது என்று டீக்கடையில் பேசுவார்கள். முட்டி போனால் பரவாயில்லை, பேர் போகக்கூடாது என்கிற ஆள் அவன்.

முட்டி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வண்டி ஓட்டிப் பார்க்கப் போனோம். மறைமலை நகர் தாண்டி ஒரு காலி மனையில் மண்ணைக் குவித்து மேடு போட்டு, பள்ளம் வெட்டித் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். மாட்டைக் குளிப்பாட்டலாம் போல இருந்தது. முதலில் கியர் வண்டி. பள்ளத்தில் நன்றாகத்தான் இறங்கினான். மேடு ஏறும்போது பாதியில் முட்டி மக்கர் பண்ணிவிட்டது. கிளட்ச்சைப் படக்கென்று விட்டான். இன்ஜின் நின்றது. வண்டி அப்படியே பின்னால் சறுக்கி, மறுபடி பள்ளத்துத் தண்ணீரிலேயே போய் உட்கார்ந்தது. பின் சீட்டில் சாமுண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரிவர்ஸ் எப்படி கீதுன்னு பாத்தேன்" என்றான் ஜெயவேலு. அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

அடுத்தது ஆட்டோமேட்டிக். இதில் இரண்டே பெடல், இடது காலுக்கு வேலையே கிடையாது, சும்மா வைத்திருங்கள் சார் என்று பிரசன்னா மூன்று தடவை சொன்னார். ஜெயவேலு தலையாட்டினான். வண்டியைக் கிளப்பினான். பத்தடி போனதும் பழக்க தோஷத்தில் இடது கால் தானாக எழுந்து கிளட்ச்சைத் தேடி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். பிரசன்னாவின் செல்போன் பறந்து போய் முன் கண்ணாடியில் அடித்துவிட்டு அவர் மடியிலேயே விழுந்தது. மறுபடி கிளப்பினான், மறுபடி மிதித்தான். நாலாவது தடவை செல்போனைப் பையில் போட்டு ஜிப் போட்டுவிட்டார் அந்த மனுஷன்.

ஆனால் மேட்டில் அது ஏறிய அழகு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வேண்டும். சத்தம் இல்லை, திணறல் இல்லை, எருமை கரையேறுகிற மாதிரி நிதானமாக ஏறிவிட்டது. உச்சியில் நிறுத்தியதும் ஜெயவேலு தன் முட்டியைத் தடவிக்கொண்டான். வலி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டான்.

திரும்பி வரும்போது என் காரில் பிரசங்கம். கியர் வண்டி நம் பேச்சைக் கேட்கும், ஆட்டோமேட்டிக் அதன் இஷ்டத்துக்குப் போகும் என்று ஆரம்பித்தான். நான் மெக்கானிக் பேச்சு பேசினேன். சேற்றில் கியர் வண்டியைப் பழக்கம் இல்லாதவன் ஓட்டினால் கிளட்ச் பிளேட் கருகிவிடும், தண்ணீரில் பாதியில் நின்றாலும் வம்பு, அந்தத் தொல்லை ஆட்டோமேட்டிக்கில் குறைச்சல் என்றேன். அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"பேட்டரி செத்துச்சுன்னா ஆட்டோமேட்டிக்க தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, தெரியுமா?"

பின் சீட்டிலிருந்து சாமுண்டீஸ்வரி கேட்டாள். "தள்றது யாருங்க? கல்யாணம் ஆன நாளா நான்தான தள்ளிக்கினு கீறேன்."

ஜெயவேலு வண்டலூர் வரைக்கும் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த வீட்டில் சண்டை. வியாழக்கிழமை காலை சாமுண்டீஸ்வரியே ஒரு வழி சொன்னாள். அம்மனிடம் பூக் கட்டிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

அவர்கள் குடும்பத்தில் எது பெரிய முடிவானாலும் அப்படித்தான். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து ஏரிக்கரை அம்மன் காலடியில் வைப்பார்கள். சம்பந்தம் இல்லாத ஒருவரை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூ எதுவோ அதுதான் உத்தரவு. தமிழினியின் மாப்பிள்ளை அப்படி வந்தவர்தான். போன வருடம் கிரைண்டரும் அப்படி வந்ததுதான். இரண்டும் இன்றுவரை ரிப்பேர் இல்லை.

சிவப்பு வந்தால் கியர், வெள்ளை வந்தால் ஆட்டோமேட்டிக் என்று பேசி முடித்தார்கள். பொட்டலம் யார் மடிப்பது என்பதில் அடுத்த தகராறு. பூசாரி குமரவேல் மடித்தால் ஜெயவேலுவுக்கு நம்பிக்கை இல்லை, அவர் சாமுண்டீஸ்வரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடைசியில் என்னைப் பிடித்தார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன்.

"லாசரு, நீதான் கரெக்டு. எங்க அம்மன்கிட்ட உனக்கு பகையும் இல்ல, சிபாரிசும் இல்ல" என்றான் ஜெயவேலு.

சரி என்று தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

அரை மணி நேரம் ஆகியிருக்காது, ஜெயவேலு தனியாக ஒர்க் ஷாப்புக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு செம்பருத்தியை எடுத்து என் டூல் பாக்ஸ் மேல் வைத்தான். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே போட்டுவிடு என்றான். முட்டி என்ன ஆவது என்று கேட்டேன். முட்டியை அவன் பார்த்துக்கொள்வானாம், பேரை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னைப் பேச விடாமல் நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

மத்தியானம் சாமுண்டீஸ்வரி வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு நந்தியாவட்டையை எடுத்து, அதே டூல் பாக்ஸ் மேல் வைத்தாள். செம்பருத்தியை நல்ல வேளையாக நான் டிராயருக்குள் தள்ளியிருந்தேன்.

"லாசரண்ணா, ரெண்டுலயும் வெள்ளையே போட்டுடுங்க. அவரு முட்டி போயிடுச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருக்காரு. தெனம் ஒளிஞ்சிக்கினு தைலம் தேய்க்கிறாரு. இன்னா வாசனைன்னு கேட்டா, பக்கத்து வூட்டுலருந்து வருதுன்றாரு. பக்கத்து வூடு பூட்டி ஆறு மாசம் ஆவுது."

அவள் கண் கலங்கியிருந்தது. அது முட்டிக்காகவா, இத்தனை வருடம் தள்ளியதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளும் போய்விட்டாள்.

டூல் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். சிவப்பைப் போட்டால் சாமுண்டீஸ்வரி முகத்தில் முழிக்க முடியாது. வெள்ளையைப் போட்டால் இருபது வருடச் சிநேகிதன் போய்விடுவான். ஒரு நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. சாமி பேரில் ஃபோர்ஜரி செய்ய நான் எதற்கு? எந்தச் சாமியாக இருந்தால் என்ன? ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஆளுக்கு ஒன்று. ஒழுங்காக, நியாயமாக மடித்தேன். வேறு காகிதம் இல்லை. சர்ச்சில் கொடுத்த நாள்காட்டியில் இரண்டு தாள் கிழித்து மடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் குமரவேல் பூசாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வேறு பேப்பர் கிடைக்கவில்லையா என்றார். இதுவும் சாமி பேப்பர்தான் என்றேன். தட்டில் வைத்துக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார்.

எடுப்பதற்குச் சின்னக் குழந்தையைக் கூப்பிடுவதுதான் வழக்கம். பள்ளிக்கூட நேரம், ஒரு குழந்தையும் அகப்படவில்லை. வாசலில் கற்பூரம் விற்கிற ரத்தினபாயைக் கூப்பிட்டார்கள். ஜெயவேலு செங்கல் லோடை ரிவர்ஸ் எடுத்தானே, அதே முட்டுச்சந்தில் கடைசி வீடு அவளுடையது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு கண் சரியாகத் தெரியாது. விஷயம் என்னவென்று கேட்டாள். சொன்னார்கள்.

"எந்த வண்டியா இருந்தா எனக்கு இன்னா? நான் ஏறவா போறேன்?" என்றாள். கையில் முதலில் தட்டுப்பட்டதை எடுத்துப் பூசாரியிடம் நீட்டிவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

குமரவேல் பிரித்தார். வெள்ளை.

சாமுண்டீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெயவேலு என்னைத்தான் பார்த்தான், இன்ஜின் ஆயிலை நான் திருடி விற்றுவிட்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அம்மனைப் பார்த்தான். அப்புறம் இன்னொரு பொட்டலத்தைப் பார்த்து, அதையும் பிரி என்றான். அதற்குள் சாமுண்டீஸ்வரி குறுக்கே புகுந்தாள். இரண்டாவதைப் பிரித்தால் தெய்வ குற்றம், அப்படியே ஏரியில் விட வேண்டும் என்றாள். அதிலும் வெள்ளை இருக்கிறது என்று அவள் பயம் அவளுக்கு. நான் விடுகிறேன் என்று சொல்லிப் பொட்டலத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜெயவேலு என்னைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"லாசரு, உண்மைய சொல்லு. ரெண்டும் செவப்புதான போட்ட?"

அவன் இடது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தான். அந்தக் காலைப் பார்த்தேன். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை போட்டேன் என்று சொன்னால், மறுபடி போடு என்பான். இந்தத் தடவை அவனே மடிப்பான்.

"ஆமா. ரெண்டும் செவப்புதான்" என்றேன். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவன் முன்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினான். மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது.

"அம்மன் செவப்ப வெள்ளையாக்கிட்டா பாரு மச்சான்" என்றான். கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அங்கேயே நின்று பிரசன்னாவுக்குப் போன் போட்டான். ஆட்டோமேட்டிக் என்றான். அந்தப் பக்கம் பிரசன்னா என்ன சொன்னாரோ, "நான் சொல்லல சார், மேலருந்து உத்தரவு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமுண்டீஸ்வரி எனக்கு ஒரு தூக்கு நிறைய வஞ்சிர மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக. நான் எதையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் குழம்பு நன்றாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் வண்டி வந்துவிட்டது. கோயில் வாசலில் பூஜை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். குமரவேல் பூசாரி ஆசீர்வாதம் செய்துகொண்டே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜெயவேலு கிளப்பினான். இடது கால் எழுந்தது. மிதித்தது. பூசாரி கையிலிருந்த விபூதித் தட்டு டேஷ்போர்டில் கொட்டியது. பழம் நசுங்கவில்லை. மூன்று தடவை அதே கதை. ஏ.சி. துவாரத்துக்குள் விபூதி போய்விட்டது. அந்த வண்டியில் ஏ.சி. போட்டால் இன்றைக்கும் கொஞ்சம் வெளியே வரும். அம்மன் கொடுத்த வண்டி என்பதற்கு அதையும் ஒரு அடையாளம் என்கிறான்.

சாமுண்டீஸ்வரிதான் முடிவு கட்டினாள். "அந்த எடது காலத் தூக்கி மேல மடிச்சு வச்சிக்கங்க" என்றாள்.

சீட் அகலம். ஒரு காலைச் சம்மணம் போட்ட மாதிரி மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். வண்டி எண்ணெய் போலப் போனது. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. அன்றிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறான், பாதி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி. அது தப்பு, காலைக் கீழே வைத்துப் பழகு என்று நான் தினமும் திட்டுகிறேன். பழகிக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறான்.

டீக்கடையில் கேட்கத்தான் செய்தார்கள். ரிவர்ஸ் ஜெயவேலுவே ஆட்டோமேட்டிக் வாங்கிட்டாராமே என்றான் ஒருவன். ஜெயவேலு டீயை ஆற்றிக்கொண்டே, "நான் கியர்தான் கேட்டேன். அம்மா குடுக்கல" என்றான். கேட்டவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். முட்டி பற்றி ஒரு பேச்சு இல்லை.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. முட்டுச்சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ரத்தினபாய் கற்பூர டப்பாவோடு வாசற்படி மேல் நிற்கிறாள் என்று தகவல் வந்தது. மூன்று பேரும் ஜீப்பில் கிளம்பினோம். ஜீப்பை உள்ளே விட்டால் திருப்ப இடம் கிடையாது. ஜெயவேலு சந்து முனையில் நிறுத்தி என்னையும் சாமுண்டீஸ்வரியையும் பார்த்தான். ரிவர்ஸ் கேமரா திரை மேல் துண்டைப் போட்டு மூடினான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இடது காலை மடித்துக்கொண்டு, நூறு அடியும் பின்னாலேயே போனான். கியர் போட வேண்டிய கை சும்மாதானே இருந்தது, அதில் ஒரு டீ கிளாஸ்.

சரியாகப் படிக்கட்டை ஒட்டி நின்றது. ரத்தினபாயைக் கைகொடுத்துத் தூக்கி உள்ளே உட்கார வைத்தோம். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள், ஏ.சி.யிலிருந்து பறந்த விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு இன்னொரு பொட்டலத்துல இன்னா இருந்துச்சு?"

"பூ" என்றான் ஜெயவேலு.

"பூதான்" என்றாள் சாமுண்டீஸ்வரி, அதே நேரத்தில்.

"பூன்னு எனக்கும் தெரியும். இன்னா கலரு?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மழையைப் பார்த்தேன். ஜெயவேலு அவசரமாக வண்டியைக் கிளப்பினான். அந்த அவசரத்தில் மடித்திருந்த கால் கீழே இறங்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. டீ முழுவதும் என் சட்டையில்.

"லிஃப்ட்டு நின்னுடுச்சா?" என்றாள் ரத்தினபாய்.